தின்பது தென்னங்குருத்து... பிறப்பது எருக்குழி! கஜா மண்ணில் ஒரு கொம்பு வண்டின் கதை

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் போகும்போது ஏதாவது ஒரு தென்னந்தோப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். பச்சைப் பசேலென்று விரிந்திருக்கும் மட்டைகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் வித்தியாசமாகத் தெரியும். யாரோ ஏணி போட்டு ஏறி, கத்தரிக்கோலால் ஓலையின் இருபுறமும் ஒரே அளவில் வெட்டிவிட்டு இறங்கியதுபோல இருக்கும்.

அது ஒரு வண்டின் வேலை. ஓலை விரிவதற்கு முன்னால் விசிறிபோல மடிந்து, குருத்தாக நிற்கும்போது வண்டு அதில் ஒரே ஒரு துளை போடுகிறது. பிறகு மட்டை விரியும்போது அந்த ஒரு துளை பத்து இருபது ஓலைகளில் வெட்டாக மாறிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் காகிதத்தை மடித்து, மூலையைக் கத்தரித்து, பிரித்தால் பூ வருமே... அதே கணக்குதான். நாம் அந்த வெட்டைப் பார்க்கும்போது வண்டு வேலையை முடித்துப் பல வாரம் ஆகியிருக்கும். இந்நேரம் பக்கத்துத் தோப்பில் இருக்கலாம்.

வேளாண் துறைப் புத்தகங்களில் இதன் பெயர் காண்டாமிருக வண்டு. பேச்சு வழக்கில் கொம்பு வண்டு. அறிவியல் பெயர் ஒரிக்டெஸ் ரைனோசெரஸ். 1758-லேயே உயிரினங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸின் பட்டியலில் ஏறிவிட்ட பழைய ஆசாமி. கன்னங்கரேல் என்று பளபளக்கும் முதுகு, நான்கு சென்டிமீட்டர் சுமாருக்கு நீளம், மூக்குக்கு மேலே பின்பக்கமாக வளைந்த ஒரு கொம்பு. ஆண், பெண் இரண்டுக்குமே கொம்பு உண்டு. ஆணுக்குக் கொஞ்சம் நீளம். பெண்ணுக்கு வால் பகுதியில் செம்பட்டை நிறத்தில் ரோமம் அடர்ந்திருக்கும். பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்த தலைமுறைக்கு இந்த வண்டையும் தெரிந்திருக்கும். மழைக்காலத்து ராத்திரியில் டியூப் லைட்டில் 'டொப்'பென்று மோதி, மல்லாக்க விழுந்து கால்களை உதைத்துக்கொண்டிருக்குமே... அதுவேதான்.

ஒரிக்டெஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் 'தோண்டுபவன்' என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி, இரவில் பறந்து வந்து தென்னையின் கொண்டையில் இறங்கி, மட்டை இடுக்கில் நுழைந்து, குருத்தை நோக்கித் துளைத்துக்கொண்டே போகும். இளந்தசையை மென்று சாற்றைக் குடித்துவிட்டு, சக்கையைப் பின்னால் தள்ளிவிடும். துளை வாயில் மென்று துப்பிய நார் துருத்திக்கொண்டிருந்தால், வண்டு உள்ளே இருக்கிறது என்று பொருள். விரியாத பாளையைத் துளைத்தால் அந்தக் குலையே போச்சு. இளம் கன்றில் துளைத்தால் மரமே போச்சு. மா, புளி மாதிரி கிளை விட்டுப் பிழைக்கும் வழி தென்னைக்குக் கிடையாது. அதற்கு இருப்பது ஒரே ஒரு வளர்நுனி. அதுவும் குருத்துக்கு அடியில் இருக்கிறது.

இவ்வளவும் பெரும்பாலான தென்னை விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். ஆனால், இந்த வண்டின் கதையில் பாதிதான் மரத்தில் நடக்கிறது. மீதிப் பாதி தரையில் நடக்கிறது.

முட்டை எங்கே?

உயிருள்ள, நல்லபடி நிற்கும் தென்னையில் கொம்பு வண்டு முட்டை வைப்பதில்லை. மரம் அதற்குச் சாப்பாட்டுக்கடை மட்டும்தான். வீடு வேறு. மட்கிக்கொண்டிருக்கும் பொருள் எதுவானாலும் அதற்கு வீடுதான். மாட்டுச்சாண எருக்குழி, குப்பைமேடு, அழுகிய தென்னந்தடி, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, கொண்டை இல்லாமல் நிற்கும் செத்த மரம், நனைந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவு, உழவு காணாமல் கிடக்கும் வைக்கோல் குவியல்... அங்கேதான் பெண் வண்டு முட்டையிடுகிறது.

பத்து நாள் வாக்கில் முட்டை பொரிக்கும். வெளிவரும் புழு வெள்ளையாக, கொழுகொழுவென்று, ஆங்கில 'சி' எழுத்துபோல வளைந்து கிடக்கும். வளர்ந்த புழு நம் கட்டைவிரலைவிடப் பருமனாக இருக்கும். மட்கையும் அழுகிய மரத்தையும் தின்றுகொண்டே அது பல மாதம் அங்கே கிடக்கும். பிறகு கூட்டுப்புழு, அதற்குப் பிறகு வண்டு. முட்டை வண்டாகிப் பறக்க ஏறக்குறைய ஆறு மாதம். அப்புறம் இன்னும் பல மாதம் மரத்துக்கும் குப்பைக்குமாகப் போய் வரும் வாழ்க்கை.

ஆக, வண்டு செய்யும் நஷ்டமெல்லாம் மேலே. அதன் பிள்ளைப் பருவம் முழுக்கக் கீழே. நாம் மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

ஒரிக்டெஸ் பேரினம் முழுக்கவே இந்தக் குணம் உண்டு. உலகில் இதில் சுமார் 40 வகைகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் தென்னையைத் தாக்கும் ஒரிக்டெஸ் மோனோசெரஸ், அரபு நாடுகளில் பேரீச்சையைத் தாக்கும் ஒரிக்டெஸ் அகமெம்னான் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பங்காளி. ஐரோப்பாவில் இருக்கும் ஒரிக்டெஸ் நாசிகார்னிஸ் ஓக் மரத்தின் மட்கிலும் மரத்தூள் குவியலிலும் வளர்கிறது. அங்கே அது பயிருக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. ஜெர்மனியில் அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம்! பிடித்துக் கொன்றால் குற்றம். பேராவூரணி விவசாயியிடம் இதைச் சொன்னால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன், எழுத முடியாது.

அழுகிய மரத்தைத் தின்று மண்ணாக்குவது காட்டுக்குத் தேவையான வேலை. காட்டில் ஒரு மரம் இங்கே, ஒரு மரம் அங்கே என்று விழும். வண்டும் அளவோடு இருக்கும். ஒரே வகை மரத்தை மைல் கணக்கில் நட்டு, நடுநடுவே எருக்குழியும் வெட்டிவைத்தால், சாப்பாட்டுக்கடையும் பிரசவ வார்டும் ஒரே தெருவில் வந்துவிடும்.

நெல்லுக்கு நடுவே தென்னை

தஞ்சாவூர் என்றால் நெல் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஆனால், மாவட்டத்தின் தெற்கே ஒரத்தநாடு தாண்டிவிட்டால் படம் மாறிவிடும். பழைய காவிரிக் கிளைகளின் பாசனம் எட்டாத இந்த மேட்டுப் பூமிக்கு, 1930-களில் மேட்டூர் அணையோடு சேர்ந்து கல்லணைக் கால்வாய் வந்தது. இன்றைக்கும் ஊர்க்காரர்களுக்கு அது 'புதாறு'தான். அந்தத் தண்ணீரும், பிறகு வந்த போர்வெல்லும் சேர்ந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களைத் தென்னை நாடாக்கின. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் ஒன்று பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளத்தில் இருப்பது சும்மா இல்லை. அங்கே உருவான ரகங்களுக்கு 'வி.பி.எம்' என்ற முன்னெழுத்துகள் அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தவை.

நெல் நாடும் தென்னை நாடும் இங்கே வேலி போட்டுப் பிரிந்திருக்கவில்லை. நெல் வயலுக்கு எரு வேண்டும். எருவுக்கு மாடு வேண்டும். மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். சாணமும் தின்று கழித்த வைக்கோலும் சேர்ந்து வருஷம் முழுக்க எருக்குழியில் நிறைந்துகொண்டே இருக்கும். சித்திரை, வைகாசியில் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயலுக்கு அதை வண்டியிலோ டிராக்டரிலோ அடிப்பார்கள். ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறப்பார்களா, மாட்டார்களா என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கும் காலம் அது.

குழியைப் பறிக்கும் அன்றைக்குப் பார்க்க வேண்டும். மண்வெட்டி படும் இடமெல்லாம் வெள்ளைப் புழு புரளும். காகமும் மைனாவும் கொக்கும் எங்கிருந்துதான் வருமோ, வரிசை கட்டி நிற்கும். அதுதான் கொம்பு வண்டின் அடுத்த தலைமுறை. பறவைக்குக் கிடைத்தவை போக மிச்சம் எருவோடு சேர்ந்து வயலுக்கும் தோப்புக்கும் போகும். தென்னைக்குப் போட்ட எருவிலேயே தென்னையின் எதிரியும் போய் இறங்குவது இப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் பறிக்கும் குழியில் நடுவே இன்னொரு கூத்தும் உண்டு. போன வருஷம் ஆடி, ஆவணியில் வைத்த முட்டை, தை மாசியில் வண்டாகிப் பறந்தே போயிருக்கும். நாம் சித்திரையில் பார்ப்பது அதற்கடுத்த செட்!

கஜா கொடுத்த வீடு

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. அந்தப் படங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாத்தா வைத்தது, அப்பா வைத்தது, மகள் பிறந்தபோது வைத்தது என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வயது இருந்தது.

அன்றைய அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். அதில் 600 ரூபாய் மரத்துக்கு. மீதி 500 ரூபாய் வெட்டி அகற்றும் செலவுக்கு. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய். பிறகு நடந்த வாக்குவாதமெல்லாம் அந்த 600-ஐச் சுற்றித்தான். நியாயம்தான், நாற்பது வருஷம் காய்க்கும் மரத்துக்கு 600 ரூபாயா என்று யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால், பூச்சியியல் கண்ணால் பார்த்தால் அந்த 500 ரூபாய்க்கும் பெரிய வேலை இருந்தது.

விழுந்த தென்னை என்பது கொம்பு வண்டுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. வெட்டி அகற்றினால் சரி. ஆனால், எங்கே அகற்றுவது? எல்லோர் தோப்பிலும் மரம் கிடக்கும்போது வாங்க ஆள் கிடையாது. கிடைக்கும் அறுவை இயந்திரத்துக்கு வரிசை. விறகுக்கும் அறுவை மில்லுக்கும் போனவை போக, மிச்சம் வரப்போரத்திலும் வேலியோரத்திலும் குவிந்தது. ஈரம் பட்டு உளுத்தது. வேரோடு சாயாமல் நடுவில் முறிந்த மரங்களின் கட்டைகள் மொட்டையாக நின்றன.

இதே கதை கடல் தாண்டி ஏற்கெனவே நடந்திருக்கிறது. பசிபிக் கடலில் இருக்கும் குவாம் தீவில் கொம்பு வண்டு 2007-ல் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 2015 மே மாதம் டால்பின் என்ற புயல் அந்தத் தீவைத் தாக்கியது. விழுந்த மரங்களும் மட்டைகளும் தீவு முழுக்க மட்கின. அடுத்து வந்தது வண்டின் பெருவெடிப்பு. வண்டு கூடக் கூட மரங்கள் செத்தன; செத்த மரங்களிலேயே இன்னும் வண்டு பெருகியது. ஒரு தடவை சுற்றத் தொடங்கினால் நிற்காத சக்கரம் அது.

தஞ்சைக்கும் புயலுக்குப் பிந்தைய தென்னைச் சங்கடம் புதிதல்ல. கிராமத்தில் 'வாடல் நோய்' என்பார்களே, அடித்தண்டிலிருந்து செந்நிறச் சாறு வடிந்து மரம் செத்துப்போகும் நோய். அதற்கு வேளாண் நூல்களில் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே பெயர். 1952-ல் வீசிய புயலுக்குப் பிறகு இங்கே முதலில் கவனிக்கப்பட்டதால் வந்த பெயர். அது பூஞ்சாணம், இது வண்டு. இரண்டும் வேறு வேறு. ஆனால், காற்று நின்ற பிறகும் புயல் முடிவதில்லை என்பதை இந்த மண் இரண்டு தடவை பார்த்துவிட்டது.

இப்போது ஏன் கவலை? கஜாவுக்குப் பிறகு நட்ட கன்றுகள்தான் காரணம். தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்பது நம் வழக்கம். சும்மா சொல்லவில்லை, நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். இன்று பாளை விடும் பருவத்தில் நிற்பவை அந்தப் பிள்ளைகள்தான். கொண்டை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும் இளமரத்தைத்தான் கொம்பு வண்டு எளிதில் சாகடிக்கிறது. வண்டு போட்ட காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழு மரத்துக்குள்ளேயே வளர்ந்து தண்டைக் குடைந்துவிடும். கொம்பு வண்டு கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறது. கொள்ளை அடிப்பது வேறு ஆள்.

இலங்கையிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல்

இந்த வண்டின் சொந்த ஊர் இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா. 1909-ல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகள் ஏற்றிய கப்பலில் ஒட்டிக்கொண்டு பசிபிக் தீவான சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தேங்காயை நம்பியே வாழும் தீவு அது. சட்டம் போட்டு மக்களை வண்டு தேட வைத்தார்கள். மரத்தில் கம்பியை விட்டுக் குத்தி எடுத்தார்கள், குப்பையைக் கிளறிப் புழு பொறுக்கினார்கள். வண்டு அடங்கவில்லை. தீவு தீவாகத் தாவியது.

விடை கிடைத்தது 1963-ல், மலேசியாவில். அலாய்ஸ் ஹியூகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர், வண்டின் பூர்வீக மண்ணில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது எது என்று தேடிப் போனார். நோய்ப்பட்ட புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். புழுவுக்கு வந்தால் உடல் கண்ணாடிபோல ஆகிச் செத்துவிடும். வளர்ந்த வண்டுக்கு வந்தால் உடனே சாகாது. முட்டையிடுவது குறையும், சாப்பிடுவது குறையும், ஆனால் பறக்கும். பறக்குமிடமெல்லாம் எச்சத்தோடு வைரஸைப் பரப்பும். 1967-ல் சமோவாவில் இதை விட்டார்கள். வண்டின் எண்ணிக்கை சரிந்தது. மற்ற தீவுகளுக்கும் அது போனது. நம் லட்சத்தீவின் மினிக்காயிலும் 1980-களில் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் இதை விட்டுப் பார்த்து, நல்ல பலன் கண்டார்கள்.

கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால், குவாமில் பரவியது இந்த வைரஸுக்கு எளிதில் மசியாத வேறொரு வகை வண்டு. 2013-ல் ஹவாய், 2015-ல் சாலமன் தீவுகள் என்று அது போய்க்கொண்டிருக்கிறது.

அரிசியில் வளரும் பச்சைப் பூஞ்சாணம்

நம் ஊர் விவசாயி வைரஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எருக்குழியிலேயே வேலையை முடிக்க இன்னொரு ஆயுதம் இருக்கிறது. மெட்டாரைசியம் என்ற பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணம். அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே போகும். புழு விறைத்துச் செத்து, முதலில் வெள்ளை பூத்து, பிறகு பச்சையாகிவிடும். அந்தப் பச்சையிலிருந்து கிளம்பும் வித்து அடுத்த புழுவைப் பிடிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, இந்தப் பூஞ்சாணக் கரைசல் 250 மில்லியைத் தண்ணீர் 750 மில்லியோடு கலந்து எருக்குழியில் தெளிப்பது. ஒரே நிபந்தனை, குழியில் ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த குப்பையில் பூஞ்சாணம் பிழைக்காது. டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஈரத்துக்கா பஞ்சம்!

எனக்குப் பிடித்த தகவல் ஒன்று. இந்தப் பூஞ்சாணத்தை வளர்க்கப் பெரிய ஆலை வேண்டாம். அரை வேக்காட்டு அரிசியே போதும். கேரளத்தில் காயங்குளத்தில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம், கிராமத்துப் பெண்கள் குழுக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அவர்களே வளர்த்து ஊர் முழுக்க எருக்குழிகளில் போடுகிறார்கள். அரிசியில் இது வளர்கிறது என்றால், அரிசிக்குப் பேர்போன தஞ்சாவூருக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

'ஊர் முழுக்க' என்பதுதான் இதில் முக்கியமான வார்த்தை. வண்டுக்குச் சிட்டா, அடங்கல் தெரியாது. நான் என் குழியைச் சுத்தமாக வைத்து, பக்கத்துத் தோப்பில் உளுத்த தடி கிடந்தால் புண்ணியமில்லை. இனக்கவர்ச்சிப் பொறிக்கும் இதே பிரச்னைதான். அதன் வாசனைக்கு ஆண், பெண் இரண்டுமே வரும். ஒருவர் மட்டும் வைத்தால் அக்கம்பக்கத்து வண்டெல்லாம் அவர் தோப்புக்கு விருந்தாளியாக வந்துவிடும். பலர் சேர்ந்து, கன்றுகளைவிட்டுத் தள்ளி வைக்க வேண்டும்.

குழியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கிளறிப் புழுவைப் பொறுக்கிவிட்டால், எந்தப் புழுவுக்கும் வண்டாகும் வரை அவகாசம் கிடைக்காது. கோழி வளர்க்கும் வீடென்றால் பொறுக்கும் வேலையும் மிச்சம். செத்த மரத்தையும் அடிக்கட்டையையும் விட்டுவைக்கக் கூடாது.

மேலே செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. தேங்காய் வெட்டுக்கு ஆள் ஏறும்போதெல்லாம் கொண்டையைப் பார்த்து, நார் துருத்திய துளையில் கம்பிக் கொக்கியை விட்டு வண்டை இழுத்துப்போடச் சொல்லலாம். வெட்டுக்கூலியோடு சேர்த்துப் பேசிக்கொள்வது நல்லது. மரம் ஏற ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் காலத்தில் இதற்கென்று தனியாக யாரும் வரமாட்டார்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்ளடுக்கு மூன்று மட்டைகளின் இடுக்கில் வைக்கலாம். இளங்கன்றுக்கு அந்துருண்டை மூன்று, 45 நாளைக்கு ஒரு தடவை.

கோடை மழையும் பருவமழையும் தொடங்கும் நாள்களில் விளக்குப்பொறி வைக்கலாம். செலவே இல்லாத வழி ஒன்றும் கிட்டத்தட்ட இருக்கிறது. ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, சிறு மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் அங்கங்கே வைத்தால் போதும். புளித்த வாடைக்கு வண்டு தேடி வந்து உள்ளே விழும். காலையில் பானையைக் கவிழ்த்து எண்ணிப் பார்க்கும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். கொம்பின் நீளத்தைப் பார்த்து ஆணா, வால் ரோமத்தைப் பார்த்துப் பெண்ணா என்று பிரித்துச் சொல்வார்கள். சிக்கியது பெண் வண்டு என்றால், அந்த எருக்குழியில் பல டஜன் முட்டை குறைந்திருக்கிறது என்று கணக்கு.